பாரூர் மாமா பதில்கள்: பீரங்கியை விட்டுவிட்டுப் போன கர்னல்

கே: மாமா, அமெரிக்காவில் லகோட்டா வீரர்கள் ஒரு குதிரைப்படையையே ஒழித்தார்களாமே, தலைவர்கள் யார் யார்? (கல்லூரி மாணவர், பர்கூர்)

ப: 1876 ஜூன் 25, மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. லகோட்டா பழங்குடியினர் பக்கம் சிட்டிங் புல், கிரேஸி ஹார்ஸ், கால். எதிரே அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படையின் கஸ்டர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1861-ல் தேறியவர்களில் கடைசி ஆள். படையைப் பல கூறாகப் பிரித்துக்கொண்டு போய் மோதினார். கடைசிவரை அவரோடு நின்ற இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

கே: நம்ம பக்கம் அப்படியொரு கஸ்டர் உண்டா? (நைட் ஷிப்ட் தொழிலாளி, ஓசூர் சிப்காட்)

ப: பாகலூர் ரோட்டில்தானே தினமும் போகிறீர்? 1768 நவம்பரில் அந்தப் பாகலூரில் மாட்டியவர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஊட். ஓசூரை மைசூரின் ஹைதர் அலி வளைத்திருந்தார். மீட்க வந்த ஊட், கனத்த பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் இறக்கி வைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு ஓசூருக்குள் நுழைந்தார். ஹைதர் வழிமறிக்கவில்லை. நேரே பாகலூருக்குப் போய் இறக்கி வைத்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டார். கோட்டை வாசலில் அடைக்கலம் தேடி முண்டியடித்த ஜனமும் மாடும் நசுங்கிச் செத்தார்கள். அந்த இடத்தில் மட்டும் மாமாவுக்குக் கிண்டல் வராது. இன்றைக்கு அதே பாகலூரில் ரோஜா பயிராகிறது.

கே: கஸ்டரும் பீரங்கியை வேண்டாமென்றாராமே? (வரலாற்று ஆசிரியை, ஊத்தங்கரை)

ப: காட்லிங் என்ற சுழல் துப்பாக்கி. எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். வேகம் கெடும் என்று விட்டுவிட்டுப் போனார். ஊட்டுக்கு 108 வருஷம் கழித்து அதே புத்தி. 108-ஐக் கூப்பிடத்தான் வசதியில்லை. ஊட் உயிரோடு திரும்பினார். பதவிதான் திரும்பவில்லை.

கே: கெட்டிக்காரர் ஒருவரும் கம்பெனியிடம் இல்லையா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

ப: இருந்தார், கர்னல் ஜோசப் ஸ்மித். 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர், ஹைதராபாத் நிஜாம் கூட்டணியை முறியடித்தவர். பரிசாக, சென்னை கவுன்சில் அவர் படையோடு யோசனை சொல்ல ஆட்களை அனுப்பி வைத்தது. பிறகு அவரையே சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. நன்றாக வேலை செய்கிறவனுக்குத்தான் மீட்டிங் அதிகம்.

கே: அந்த நிஜாம் எந்தக் கட்சி? (பஸ் பயணி, அத்திப்பள்ளி)

ப: எந்த மாதம் என்று சொல்லும். 1767 தொடக்கத்தில் கம்பெனியோடு. அதே வருஷம் ஹைதரோடு. 1768 பிப்ரவரியில் மறுபடி கம்பெனியோடு. நல்லவேளை, இடைத்தேர்தல் செலவு இல்லை.

கே: ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாமே? (ஏழாம் வகுப்பு, சூளகிரி)

ப: தெரியாது. 1769 மார்ச்சில் சுமார் ஆறாயிரம் குதிரை வீரர்களோடு பரங்கிமலை ஓரத்தில் வந்து நின்றார். ஏப்ரலில் கம்பெனியின் படித்தவர்கள் எல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். யார் தாக்கினாலும் ஒருவருக்கொருவர் உதவுவது என்று ஒப்பந்தம். மராத்தியர் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை ஹைதர் 1780-ல் வட்டியோடு தீர்த்தார், பொள்ளிலூர்ப் போரில். நீ மட்டும் வீட்டுப்பாடத்தை எழுதிவிடு.

கே: எங்கள் பாரூரில் ஏதாவது நடந்ததா? (பாரூர் விவசாயி)

ப: நமக்கு ஏரி. சண்டை எல்லாம் காவேரிப்பட்டணத்துக்கு. 1767-ல் கம்பெனி பிடித்தது, அதே வருஷம் ஹைதர் மீட்டார்.

கே: அமெரிக்காவுக்கும் ஓசூருக்கும் நேர்த் தொடர்பு உண்டா? (ராயக்கோட்டை தக்காளி வியாபாரி)

ப: 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டன் படையிடம் சரணடைந்த அதே கார்ன்வாலிஸ்தான் இங்கே கவர்னர் ஜெனரல். 1791 ஜூலையில் அவர் ஆட்கள் ஓசூரையும் உங்கள் ராயக்கோட்டையையும் பிடித்தார்கள். அங்கே போணியாகாத சரக்கு இங்கே விலை போயிற்று.

கே: ஜெயித்த தலைவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்? (கிருஷ்ணகிரி வாசகி)

ப: கிரேஸி ஹார்ஸை 1877-ல் பிடித்து வைத்த இடத்திலேயே ஈட்டிமுனைத் துப்பாக்கியால் குத்தினார்கள். சிட்டிங் புல்லை 1890-ல் கைது செய்யப் போன போலீஸ் சுட்டது. ஹைதர் 1782-ல் முதுகில் வந்த கட்டியால் போர் முகாமிலேயே இறந்தார். மகன் திப்பு 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில். நடுவே 1792-ல் பாராமகால் என்ற நம்ம பகுதி கம்பெனி கைக்குப் போனது. உடனே கலெக்டர் அலெக்சாண்டர் ரீட் நிலத்தை அளக்கச் சங்கிலியோடு வந்துவிட்டார்.

கே: கிருஷ்ணகிரி கோட்டை மலையில் ஏறலாமா மாமா? (புதுமாப்பிள்ளை, போச்சம்பள்ளி)

ப: 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் ஏணியோடு ஏறிப் பார்த்தார். மேலிருந்து பாறாங்கல்லை உருட்டியே இறக்கிவிட்டார்கள். உமக்கு அந்த அபாயம் இல்லை. வெயில் ஏறுமுன் ஏறும், தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாரும், பாறையில் சம்சாரம் பேரைக் கிறுக்காமல் இறங்கும்.