ஸ்டேசியின் கணிதமும் வாசகர் கருத்தும்: ஒரு பன்முக நோக்கு

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படாத பொருள் ஒன்று இன்னும் மிச்சமிருப்பது ஆய்வுலகுக்கு இழுக்கு. அவ்விழுக்கைத் துடைக்கவே இக்கட்டுரை எழுந்தது. அமெரிக்காவில் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் 1997இல் வெளியிட்ட ‘ஸ்டேசி தி மேத் விஸ்’ என்னும் சிறார் நாவலைப் படித்த சிறுமியர் அதைப் பற்றிக் கொண்ட கருத்துகள் யாவை, அவை எத்தனை வகைப்படும், அவ்வகை ஒவ்வொன்றும் மேலும் எத்தனை வகைப்படும் என்று காண்பதே இதன் நோக்கம். நாவலின் நயம் பேசுவது இக்கட்டுரையின் எல்லைக்கு உட்பட்டதன்று. இப்பொருளில் இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை என்று எல்லோரும் எழுதுவதுபோல் நானும் எழுதுகிறேன். தேடிப் பார்த்துவிட்டு அப்படி எழுதுவது மரபன்று.

நூல் வரலாறு வருமாறு. ‘பேபி-சிட்டர்ஸ் கிளப்’ வரிசையை 1986இல் தொடங்கியவர் ஆன் எம். மார்ட்டின். யோசனை பதிப்பாசிரியர் ஜீன் ஃபைவெலுடையது. நான்கு நூல்களோடு நிறுத்துவதாகத் திட்டம். 2000இல் நின்றபோது முதன்மை வரிசையில் மட்டும் 131 நூல்கள் இருந்தன. கிளை வரிசைகள் தனி. எல்லாம் சேர்ந்து 17 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சானதாகச் சொல்வர். நான்கு என்று தொடங்கி 131இல் முடிந்த இக்கணக்கைப் போட்டது ஸ்டேசி அல்லள் என்பது உறுதி. ஏனெனில், அவள் கணக்கில் கெட்டி. கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோனிபுரூக் என்னும் கற்பனை ஊரில், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர் சங்கத்துக்குப் பொருளாளர் அவள். திங்கட்கிழமைதோறும் சந்தா வசூலிப்பவள், ஆதலால் யாருக்கும் பிடிக்காதவள், திங்களன்று மட்டும். 105ஆம் நூலில் இவள் பள்ளியின் கணக்குப் போட்டிக் குழுவில் சேர்கிறாள். அக்குழுவினரை மேத்லீட்ஸ் என்பர் அமெரிக்கர்.

ஆசிரியர் யார் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் முப்பத்தைந்து நூல்களை மார்ட்டினே எழுதினார். பின்னர் வந்தவற்றில் பெரும்பாலானவற்றை வேறு கைகள் எழுதின. அட்டையில் மார்ட்டின் பெயர் இருக்கும். உள்ளே பொடி எழுத்தில், கைப்பிரதி தயாரிக்க உதவிய இன்னாருக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கும். மேலை நாட்டு வாசகர் சிலர் இதை அறிந்து மனமுடைந்தனர். மாணவர் எழுதும் கட்டுரையில் நெறியாளர் பெயர் முதலில் நிற்கும் நாட்டில் வாழ்பவர்க்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. அங்காவது பொடி எழுத்தில் நன்றி இருக்கிறது.

இனி வாசகர். இவர்கள் பெயர் தெரியாதவர்கள். பெயர் தெரியாத புலவரை அவர் பாடிய தொடரைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்த நம் முன்னோர் வழியில், இவர்களையும் இவர்கள் புத்தகத்துக்குச் செய்த தீங்கைக் கொண்டே பெயரிட்டிருக்கிறேன். ஜாம்கறையார், மூலைமடித்தார், பட்டைபிளந்தார், நூலகத்துக்குத் திருப்பித்தராதார் என நால்வர் முதன்மையர். இவர்களின் கருத்துகள் அறுவகைப்படும். ஏழு என்பாரும் உளர். அவர்கள் என் எதிரணியினர். அவர்களை மேற்கோள் காட்டும் எண்ணம் எனக்கில்லை.

முதலாவது, அட்டைக் கொள்கையார். அட்டையைப் பார்த்து வாங்கியவர்கள். இவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

இரண்டாவது, உடைக் கொள்கையார். கதைக்காகவன்றி, ஸ்டேசியின் சங்கத்துத் தோழி கிளாடியா கிஷி அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாள் என்பதற்காகப் படித்தவர்கள். கணக்குப் போட்டி பற்றி இவர்களுக்குக் கருத்தில்லை (ஓரக்குறிப்பு, பென்சில்).

மூன்றாவது, கடிகாரக் கொள்கையார். இவர்கள் தாமே கணக்குப் போட்டிக்குப் போனவர்கள். ஆகவே எதிலும் திருப்தியுறாதவர்கள். அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளுக்காக 1983இல் தொடங்கிய மேத்கவுண்ட்ஸ் போட்டியை அளவுகோலாகக் கொள்வர். அதில் ஸ்பிரிண்ட் சுற்று என்பது 40 நிமிடத்தில் 30 கணக்கு, கால்குலேட்டர் கூடாது. அதாவது தலைக்கு 80 விநாடி. டார்கெட் சுற்றில் இரண்டிரண்டாகக் கணக்குத் தருவார்கள். இரண்டுக்கும் சேர்த்து 6 நிமிடம். கடைசியில் மேடையேறி நேருக்கு நேர் மோதும் கவுண்ட்டவுன் சுற்றில் ஒரு கணக்குக்கு மிஞ்சிப்போனால் 45 விநாடி. அந்த 45 விநாடிக்குள் தாய் தந்தையரின் மணமுறிவை நினைத்துப் பார்த்து, தோழியோடு போட்ட சண்டையை எண்ணி வருந்தி, பிறகு விடையும் சொல்ல எந்த மனிதப் பிறவியாலும் ஆகாது என்பது இக்கொள்கையாரின் வாதம் (ஓரக்குறிப்பு, பென்சில், வலப்பக்கம், கூர் மழுங்கியது, கோபத்தால் அழுத்தி எழுதப்பட்டது, பின்பக்கத்திலும் தடம் காண்க). வாதம் சரிதான். ஆனால் நாவல் என்பதே அந்த 45 விநாடியை நீட்டிச் சொல்லும் கலை. விடையை மட்டும் வேண்டுவோர் விடைத்தாளைப் படிக்கட்டும்.

நான்காவது, கால ஆராய்ச்சிக் கொள்கையார். ஸ்டேசியும் தோழியரும் எட்டாம் வகுப்பில் நுழைந்தது 10ஆம் நூலில், 1988இல். எட்டாம் வகுப்பை முடித்து வெளியேறியது 2000இல். இடையில் எத்தனையோ கோடை விடுமுறைகள் வந்துபோயின. வயது பதிமூன்றைத் தாண்டவில்லை. 101ஆம் நூலில் கிளாடியாவை ஏழாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பியும்விட்டார்கள். பள்ளியின் கணக்குப் புலி ஒருத்தி, தான் ஒரே வகுப்பில் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறோம் என்பதைக் கூட்டிப் பார்க்கவில்லையே என்பது இவர்கள் முறையீடு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களிடம் இதைச் சொன்னால், உதவித்தொகை தொடர்ந்து வந்ததா என்று மட்டும் கேட்பார்கள்.

ஐந்தாவது வகையினரிடம் இந்த ஆய்வுமுறை செல்லாது. அவர்கள் படித்த காலத்தைப் பாருங்கள். 1992இல் பேசும் பார்பி பொம்மை ஒன்று கடைக்கு வந்தது. அதன் வாயில் வைத்த வாசகங்களுள் ஒன்று, கணக்கு வகுப்பு கடினம் என்பது. கண்டனம் எழுந்தது. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு அமெரிக்கா 1974 முதல் அணி அனுப்பிவந்தது. அந்த அணியில் முதன்முதலாக ஒரு பெண், மெலனி வுட், இடம்பெற்றது 1998இல். அதற்கு முந்தைய ஆண்டு இந்நாவல் வந்தது. நன்றாக உடுத்துபவள், நியூயார்க்கிலிருந்து வந்தவள், கணக்கிலும் கெட்டிக்காரி என்று ஒருத்தியைக் கடையில் நாலு டாலருக்குள் வாங்க முடிந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய், நாள்தோறும் இன்சுலின். அந்த நோயுள்ள சிறுமியர் பலர், தம்மைப்போல் ஒருத்தியைப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தது ஸ்டேசியில்தான் என்று பெரியவர்களான பின் சொல்லியிருக்கிறார்கள். இவர்களுக்கு நான் பட்டப்பெயர் வைக்கவில்லை.

ஆறாவதே இவ்வாய்வின் உயிர்நிலை: இரண்டாம் அத்தியாயம் தாண்டிகள்.

அறியாதவர்க்கு விளக்குவோம். இவ்வரிசையின் நூல்கள் பெரும்பாலும் 15 அத்தியாயம் கொண்டவை. முதல் அத்தியாயத்தில் கதை தொடங்கும். இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கும். கிறிஸ்டி தலைவி, சங்கம் அவள் யோசனை. கிளாடியாவின் அறையில் தனித் தொலைபேசி உண்டு, அதனால் கூட்டம் அங்கே, தீனியை அவள் ஒளித்துவைப்பாள், எழுத்துப்பிழை விடுவாள். மேரி ஆன் கூச்ச சுபாவம், கையெழுத்து அழகு, அதனால் செயலாளர். ஸ்டேசிக்குச் சர்க்கரை நோய். கூட்டம் திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30 முதல் 6 வரை. இவ்வளவும் ஏறத்தாழ ஒவ்வொரு நூலிலும் வரும். சிலவற்றில் முதல் அத்தியாயத்துக்கோ மூன்றாவதற்கோ வழியும். காரணம் வணிகம்: 104ஐப் படிக்காத ஒருத்தி 105ஐக் கையில் எடுக்கலாம் அல்லவா? ஆனால் 104ஐப் படித்தவள் அந்த அத்தியாயத்தைப் படிக்க மாட்டாள். அவளைக் கேட்டால் வெட்கமில்லாமல் சொல்வாள்.

கணக்கைப் பாருங்கள். 131 நூல்கள், 131 இரண்டாம் அத்தியாயங்கள். பதினைந்தால் வகுத்தால் எட்டு முழு நாவலும் மீதி 11 அத்தியாயமும் வரும். அதாவது உலகில் எவரும் படிக்காத, ஏறத்தாழ ஒன்பது நாவல் நீளமுள்ள ஒரு காப்பியம் இவ்வரிசைக்குள் ஒளிந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் படியெடுத்ததுமன்று. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, அதே செய்தியை வேறு வாக்கியங்களில் எழுதியிருக்கிறார்.

புறச்சான்றும் உண்டு. பலர் கைபட்ட பிரதி ஒன்றை வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பாருங்கள். தாள்களின் விளிம்பு பழுத்து, விரல் பட்டுக் கறுத்திருக்கும். முன்பகுதியில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று தெரியும். அதுவே இரண்டாம் அத்தியாயம். அங்கே ஜாம் இல்லை, மடிப்பு இல்லை, சிக்கிய தலைமுடி இல்லை. இதைக் கொண்டு ஜாம்கறையார் அவ்வத்தியாயத்தை இடைச்செருகல் என்று தள்ளினார். மூலைமடித்தார் இதை ஏற்கவில்லை. கறையின்மை படிக்காமைக்குச் சான்றன்று, பக்தியோடு கைகழுவிப் படித்தமைக்கும் சான்றாகலாம் என்றார். இதற்கு ஜாம்கறையார் தந்த மறுப்பு ஒரு புதிய கறை (பிரதி ஈ, இரண்டாம் அத்தியாயம், கீழோரம், பென்சில், அதே இடம், வேறு கை, பேனா, அப்பேனாக் குறிப்பை அடித்துவிட்டு எழுதிய மூன்றாம் கை, நீலக் கிரேயான், தம்பியாக இருக்கலாம், நூலகர் ரப்பரால் அழித்ததும், தாளைச் சாய்த்தால் மட்டும் தெரிவதுமான நான்காம் கை, அந்நான்காம் கையே முதல் கை என்பார் பட்டைபிளந்தார், அவர் பிரதியில் அந்தப் பக்கமே இல்லாததால் அவர் கூற்று தள்ளப்படும்).

என் முடிபு இவ்விருவரினின்றும் வேறு. சுவடிப் பதிப்பின் பாலபாடம் என்ன? எல்லாப் பிரதியிலும் மாறாமல் வருவதே மூலம். பிரதிக்குப் பிரதி மாறுவது பிற்சேர்க்கை. 131 நூலிலும் செய்தி மாறாமல் வருவது இரண்டாம் அத்தியாயம் ஒன்றே. ஆகவே அதுவே மூலநூல். மீதிப் பதினான்கும் இடைச்செருகல். ஸ்டேசி கணக்குப் போட்டிக்குப் போனதும் இடைச்செருகலே. பிற்காலத்தார் யாரோ கதைச்சுவை வேண்டிச் சேர்த்திருக்கிறார்கள். இம்முறையைக் கையாண்டு நம் பழநூல்களில் எதை மூலம், எதைச் செருகல் என்று பிரித்தார்களோ அந்த அறிஞர்கள் என்மேல் வருத்தப்படமாட்டார்கள் என நம்புகிறேன். முறை அவர்களுடையது, கிரேயான் மட்டும் என்னுடையது.

நம் ஆய்வேடுகளிலும் ஓர் இயல் இப்படி உண்டு. ‘ஆசிரியர் வாழ்வும் படைப்புகளும்’ என்று தலைப்பிருக்கும். ஆசிரியர் பிறந்தார், தொடக்கக் கல்வியை உள்ளூரில் பெற்றார், விருதுகள் பெற்றார், படைப்புகள் பின்வருமாறு. அதே ஆசிரியரைப் பற்றி ஐந்து ஆய்வேடு இருந்தால் ஐந்திலுமாக அவர் ஐந்து முறை பிறந்து, ஐந்து முறை உள்ளூரில் படித்திருப்பார். ஸ்டோனிபுரூக்கிலாவது வாக்கியத்தை மாற்றி எழுதினார்கள். அந்த இயலை ஆய்வாளர் படிக்காமல் தட்டச்சுக்குக் கொடுப்பார், நெறியாளர் படிக்காமல் கையெழுத்திடுவார், புறத்தேர்வாளர் படிக்காமல் பாராட்டுவார். பத்து வயதுச் சிறுமி மட்டும்தான் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறாள். வாய்மொழித் தேர்வுக்கு அவளை அழைப்பதில்லை.

ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் இயலின் தலைப்பை மட்டும் அச்சிட்டு, அடுத்த நாற்பது பக்கங்களை வெற்றாக விட விதிகளில் இடம் தாருங்கள். பக்க எண் போட்டுவிடலாம். மொத்தப் பக்கம் குறையாது. ஓரக்குறிப்பு எழுதுவோர்க்கும் இடம் கிடைக்கும்.