பேரனுக்கு ஒரு டேங்க் புத்தி

ஏலே பேராண்டி, பிஸினஸ் ஜெட் ஓட்டப் போறியாமே! செங்கோட்டை பஸ்ஸுல படியில தொங்கினவன் நாற்பதாயிரம் அடியில பறக்கப் போறான்னா தென்காசிக்கே பெருமைதான். உங்க அம்மை தெருவெல்லாம் லட்டு குடுத்துட்டா. எங்கிட்ட இருக்கது புத்திதான். அது காசில்லாம கிடைக்குது, அதனால நீ வாங்க மாட்டே. இருந்தாலும் கேட்டுக்கோ.

ஏறுமுன்ன எண்ணெய் ஊத்துதவன் பக்கத்துல போய் நில்லு. சட்டை மடிப்பு கலைஞ்சா கலையட்டும். உங்க ஜெட் ஏ-1 இருக்கே, பேருதான் பெத்த பேரு, வகையில அது மண்ணெண்ணெய்தான். ரேஷன் கடையில நான் கியூவுல நின்னு வாங்குன சரக்குக்குப் பங்காளி. மைனஸ் 47 டிகிரி வரைக்கும் அது உறையாது. ஆனா அதுல கலந்திருக்க துளித் தண்ணி அதுக்கு வெகு முன்னமே ஐஸாயி ஃபில்டரை அடைக்கும். அதனால சில ஜெட்டுக்கு ஐஸ் கட்டாம இருக்க மருந்து கலக்கணும்.

2019 மே மாசம் ஃப்ளோரிடாவுல மருந்து இருக்க வேண்டிய இடத்துல டெஃப்பை ஊத்திட்டாங்க. டெஃப் தெரியும்லா? புளியரை செக்போஸ்ட்ல நிக்க பிஎஸ்-6 லாரிக்கு ஊத்துதானே, அந்த யூரியாத் தண்ணி. நூத்துக்கு 32.5 பங்கு யூரியா. ரெண்டுக்கும் நிறம் கிடையாது, எவனும் மோந்தும் பார்க்கலை. எண்ணெயில சேர்ந்ததும் யூரியா உப்பாப் பூத்து அடைச்சிட்டு. ரெண்டு சைட்டேஷன் ஜெட்டுக்கு நடுவானத்துல சிக்கல், அதுல ஒண்ணுக்கு ரெண்டு எஞ்சினும் அவிஞ்சுபோச்சு. நல்லகாலம், சவானாவுல பத்திரமா இறக்கிட்டாங்க. நான் வயலுக்கு யூரியா கேட்டா சொசைட்டியில இல்லைங்கான், அங்க விமானத்துக்கே போடுதான்!

சரி, மேல போயாச்சு. இடது டேங்குல கூடுதல், வலதுல குறைச்சல்னு காட்டுது. உடனே உன் கை கிராஸ்ஃபீடு குமிழுக்குப் போகும். சின்ன வயசுல எங்க ரேடியோவைத் திருகிக் கெடுத்த கைதானே! கையைக் கட்டு. ஒரு பக்கத்து எண்ணெயை மறுபக்கத்து எஞ்சினுக்குக் குடுக்க நல்ல சாமான்தான் அது. வலதுல ஏன் குறைஞ்சுதுன்னு முதல்ல கேட்டியா? எஞ்சின் குடிச்சுதா, ஒழுகிச்சா?

2001 ஆகஸ்ட் 24, டொராண்டோவுல இருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்சாட் ஏ330. வலது எஞ்சின்ல எண்ணெய்க் குழாய் பக்கத்துக் குழாயோட உரசி விரிஞ்சு ஒழுகுச்சு. விமானிங்க செக்லிஸ்ட் புத்தகத்தைத் திறக்காம, ஞாபகத்துல இருந்தே கிராஸ்ஃபீடைத் திறந்தாங்க. இடது டேங்கு எண்ணெயும் அந்த ஓட்டை வழியா அட்லாண்டிக்குக்குத் தானம்! ரெண்டு எஞ்சினும் நின்னு, 306 பேரோட 19 நிமிஷம் மிதந்து அசோர்ஸ் தீவுல இறங்குச்சு. இறக்கின திறமையை உலகமே மெச்சுச்சு, நானும் மெச்சுதேன். அந்தத் திறமைக்கு வேலையே வைக்காம இருந்திருந்தா இன்னும் மெச்சியிருப்பேன்.

ஏத்தினதுல செலவானதைக் கழி. மிச்சம் டேங்குல இல்லைன்னா ஒழுகுதுன்னு அர்த்தம். புத்தகத்தை எடுத்து வரி வரியா வாசி. ஒழுக்கு எஞ்சின் பக்கம்னா அந்த எஞ்சினை அணைக்கச் சொல்லும். மனசு வராது, அணை.

பின் சீட்டு முதலாளி இருக்காரே, அவருதான் பெரிய கோளாறு. மதியம் குத்தாலம் ஐந்தருவிக் குளியல், சாயங்காலம் பார்டர் பரோட்டாம்பாரு. பேரருவியில தண்ணி செவந்து போலீஸ் விசில் அடிச்சா, தலையில எண்ணெயோட வெளிய வாரோம்லா? எண்ணெய் குறைஞ்ச விளக்கும் அந்த விசில்தான். "இன்னும் ஒரு நிமிஷம் சார்"னு கெஞ்சுதவன் அங்கயும் உண்டு, காக்பிட்டுலயும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் 2015 ஆகஸ்ட் 18 விடியக்காலையில என்ன நடந்துது? தோஹாவுல இருந்து வந்த ஜெட் ஏர்வேஸ் 737, கொச்சியில மூணு தடவை, திருவனந்தபுரத்துல மூணு தடவை இறங்க முடியாம, ஏழாவதுல தரை தொட்டப்ப டேங்குல மிச்சம் சுமார் 350 கிலோ. அம்மாம் பெரிய விமானத்துக்கு அது சில நிமிஷத்துப் பாடு.

தென்காசியில ஏர்போர்ட் கிடையாது, எப்படியும் காருதான். கணக்கு ஒத்து வரலைன்னா மதுரையோ தூத்துக்குடி வாகைக்குளமோ, கிட்ட இருக்கதுல இறக்கு. முதலாளி முறைச்சா டாக்ஸி பிடிச்சுக் குடு. பரோட்டாக் கடை ராத்திரியும் திறந்திருக்கும்.