சிஸ்டத்துல பாத்துட்டுச் சொல்றனுங்க

நாமக்கல் முட்டை விலை என்பது ஒரே ஓர் எண். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டலம் அறிவித்த கையோடு பண்ணைக்காரர், தீவனக்காரர், லாரிக்காரர் என்று அத்தனை பேர் போனிலும் வந்து விழுந்துவிடுகிறது. எதையும் வீட்டுக் கணினியில் பார்த்தால்தான் ஆச்சு என்கிற நம்ம சிஸ்டம்காரர் போனிலும்தான். ஆனாலும் அவரிடம் கேட்டால், "இருங்க, ஊட்டுக்குப் போயி சிஸ்டத்துல பாத்துட்டுச் சொல்றனுங்க" என்பார். மேட்டூர் அணையில் எத்தனை அடி என்று கேட்டாலும் இதே பதில். அணையின் முழு மட்டமே 120 அடிதான். மூன்று இலக்கம் தாண்டாத அந்த எண்ணைப் படிக்க அவருக்கு 19 அங்குலத் திரை, சி.பி.யு., யு.பி.எஸ்., சுழல் நாற்காலி எல்லாம் வேண்டும். வீட்டுக்குப் போனதும் மானிட்டர் மேல் போர்த்திய துண்டை எடுத்து நாலாக மடிப்பார். சுவிட்சைப் போடுவார். யு.பி.எஸ். ஒருமுறை கத்தும். திரையில் வட்டம் சுற்றச் சுற்ற அவர் கைகட்டிக் காத்திருப்பார். விலை தெரிவதற்குள் கேட்டவர் முட்டையை ஏற்றி அனுப்பிப் பணமும் வாங்கியிருப்பார்.

வயசான கண்ணுக்குப் பெரிய திரை வேண்டாமா என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் உண்டு. வேண்டும்தான். அந்த மானிட்டரின் பரப்பு ஆறரை அங்குலப் போனைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. முப்பது வருட வில்லங்கச் சான்றைப் போனில் விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பவருக்கு எந்தக் கிரயம் எந்தச் சர்வே எண்ணுக்கு என்பதே மறந்துபோகும். கரண்டு செலவு என்கிற குற்றச்சாட்டும் நிற்காது. நூறு வாட் கணினி தினம் நாலு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் கால்வாசி. ஆனால் வில்லங்கத்துக்குச் சொல்லும் நியாயம் முட்டை விலைக்குப் பொருந்துமா? போனில் பாதுகாப்பில்லை என்பது அவருடைய அடுத்த வாதம். அவர் சிஸ்டத்தில் இன்னும் ஓடுவது விண்டோஸ் 7. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு, அவர் ஒதுக்கிவைத்த அந்தப் போன் இல்லாமல் சிஸ்டத்தில் பாதி வேலை நடக்காது. ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினால் ஓ.டி.பி. போனுக்குத்தான் வரும். "அந்தப் போன எடுத்தாங்க!" என்று அடுத்த அறைக்குக் குரல் பறக்கும். வாட்ஸப்பைப் பெரிய திரையில் திறக்கவும் போனைத்தான் மானிட்டருக்குத் தீபாராதனை மாதிரி காட்ட வேண்டியிருக்கிறது.

ஆக, கண்ணும் காரணமில்லை, பயமும் காரணமில்லை. அவருக்கு வேண்டியது அந்த நாற்காலி. போனும் கையுமாகத் திண்ணையில் இருப்பவரை யார் வேண்டுமானாலும் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லலாம். சிஸ்டம் முன்னால் இருப்பவரை யாரும் எழுப்புவதில்லை. "வேலையா இருக்காருங்க" என்றுதான் வீட்டிலும் சொல்கிறார்கள். பட்டா பார்க்க வந்த பங்காளி, வி.ஏ.ஓ. ஆபீசில் நிற்பதைப்போல் பக்கவாட்டில் நின்றுகொண்டு சர்வே எண்ணை ஒப்பிக்கிறார். லாரிக்கும் தறிக்கும் பொட்டு வைக்கும் ஆயுத பூசையன்று மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் விழுகிறது. போனுக்கு யார் வைக்கிறார்கள்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். உட்கார்ந்துவிட்டால் அவர் கடைசி வரி வரைக்கும் படிப்பார். உட்பிரிவு எண்ணில் ஒரு பிழை இருந்தால் ஊரில் அவர் கண்ணில்தான் படும். அதற்காக முட்டை விலைக்கும் இந்தக் காத்திருப்பா? அவர் நாற்காலியில் இருக்கும் நேரமெல்லாம் பால்காரருக்குக் காசு கொடுப்பதும் கேஸ் சிலிண்டரை உருட்டி உள்ளே வைப்பதும் அவர் வீட்டு அம்மாள்தான். நடுவில் டீ வேறு மேசைக்குப் போக வேண்டும், கீபோர்டில் சிந்தாமல்.