எண்ணுக்கு வாக்கப்பட்டவர்

மதுரையில் இந்த ரகத்து ஆளை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். முன்னால் போகிற வண்டியை முந்த மாட்டார். அதன் நம்பரைப் பகாக் காரணிகளாகப் பிரித்து முடிக்கும்வரை பின்னாலேயே போவார். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நிற்கிறாரே, தூங்கவில்லை, பதின்மூன்றால் வகுத்துக்கொண்டிருக்கிறார்.

பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார். சட்டைப்பையில் பேனா இருக்கும், பேப்பர் இருக்காது. அதற்குத்தான் ஜிகர்தண்டா கடை பில் இருக்கிறதே! அதன் முதுகில் 142857 என்று எழுதுவார். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறுவரை எதால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள், மாசி வீதிகளில் சித்திரைத் தேர் சுற்றுவதுபோல, வரிசை கலையாமல் சுற்றி வரும்.

"இப்ப ஏழால பெருக்குங்க பாப்போம்."

999999. தேர் நிலைக்கு வந்துவிட்டது.

கேட்டவர் வாயைப் பிளப்பார். பிளந்த வாய் மூடுமுன்பே, "சார், நான் பொறந்தது எட்டாந்தேதி. பேர்ல ஒரு எழுத்தைச் சேத்தா நல்லாருக்குமா?" என்பார். எண்கணித ஜோசியம் என்றாலே இவருக்கு ஆகாது. ஊரோ இவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

வெளியூர் உறவினர்கள் வந்தால் மீனாட்சியம்மன் கோயிலுக்கு இவரே கூட்டிப்போவார். ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்தான் என்று யாராவது குறைபட்டால் போதும். "985 லேசுப்பட்ட எண்ணா? 12, 29 வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுதான். 16, 27 வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுதான்!" ஆயிரத்துக்கும் இதே பெருமை உண்டு (10, 30, 18, 26). அதை மட்டும் சொல்லமாட்டார்.

1729 இவருக்குக் குலதெய்வம். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் ஹார்டியிடம் சொன்ன கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த தெய்வம் 6174. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டது. நாலு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த நாலிலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். விடையையும் அப்படியே. ஏழு தடவைக்குள் 6174 வந்துவிடும். 1729-இல் தொடங்கினால் 8442, 5994, 5355, 1998, 8082, 8532, அப்புறம் 6174. சரியாக ஏழு! ராமானுஜனிடமிருந்து கப்ரேகருக்கு ஏழே படி என்று இவர் சொல்லும்போது கண் கலங்கும்.

போன வாரம் கேஸ் சிலிண்டர் வந்தது. "போன்ல வந்த நாலு நம்பரைச் சொல்லுங்க சார்." சொல்லவில்லை, கழிக்க ஆரம்பித்துவிட்டார். தோளில் சிலிண்டரோடு நின்ற பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். உள்ளேயிருந்து வீட்டம்மா, "நம்பரைச் சொல்லித் தொலைங்களேன்" என்று வைதது அவன் காதிலும் விழுந்தது.

"சார், எப்படியும் கடைசில 6174-தான் வரும்னா, அதையே போட்டுக்கிறவா?"