முச்சக்கரக் காரியல்: மூலமும் உரையும்

வீட்டுக் கராஜில் பழைய மூன்று சக்கரக் காரைப் புதுப்பிப்போரைப் பற்றி அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் திறந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கண்ட முடிவுகள் அச்சேற்றத் தக்க மொழியில் இல்லை. அக்குறை நீக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது. எடுத்துக்கொண்ட மூலம், இங்கிலாந்தின் டாம்வொர்த் நகரில் பிறந்த ரிலையன்ட் ரீகல். மிஸ்டர் பீன் தொடரில் அடிக்கடி குடைசாயும் அந்த வெளிர்நீல வண்டி என்றால் ஆராய்ச்சியில் நாட்டமில்லாதவருக்கும் விளங்கிவிடும்.

முதற்கண் எழும் வினா: நாலாவது சக்கரம் எங்கே? கழன்று விழுந்தது என்பர் ஒரு சாரார். அற்றன்று. அதை விழுங்கியது சட்டம். எட்டு ஹண்டர்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 406 கிலோவுக்கு, மேற்படாத முச்சக்கர வண்டியென்றால் அன்றைய பிரிட்டனில் வரி குறைவு. மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதுமாயிருந்தது. மனைவி மக்களை சைடுகாரில் உட்காரவைத்து மழையில் நனைந்துகொண்டு போன தொழிலாளிக்கு இப்படித்தான் தலைக்கு மேல் கூரை வந்தது. ராலே நிறுவனம் முச்சக்கர வண்டி வேண்டாமென்று கைவிட, அங்கிருந்து வெளியே வந்த டாம் வில்லியம்ஸ் 1935இல் ரிலையன்டைத் தொடங்கினார்.

ஆகவே ரீகலின் ஒவ்வோர் உறுப்பும் வரிச்சட்டத்துக்கு எழுதப்பட்ட உரையே. உடம்பு ஏன் ஃபைபர் கிளாஸ்? எடை. 1962இல் வந்த 3/25 மாடலின் 598 சிசி எஞ்சின் ஏன் முழுக்க அலுமினியம்? மறுபடியும் எடை.

இச்சட்டத்தின் இன்னொரு வேடிக்கை, மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்காரர் ஓட்டும் முச்சக்கர வண்டிக்கு ரிவர்ஸ் கியர் ஆகாது என்று ஒருகாலத்தில் இருந்த விதி. பிரைட்டனில் ஒரு பழைய ரயில் எஞ்சின் பட்டறையில் தயாரான மூன்று சக்கர ஐசெட்டா இவ்விதிக்குப் பணிந்தது. ஐசெட்டாவுக்கு ஒரே கதவு, அதுவும் மூஞ்சியில். சுவரை ஒட்டிக் கராஜில் நிறுத்தினால் கதவும் திறக்காது, வண்டியும் பின்னால் வராது. துணிக்கூரையைச் சுருட்டி, சீட்டில் ஏறி நின்று, மேல்வழியாக வெளிப்படுவதே கதி. மான் தீவில் 1962இல் தோன்றிய பீல் பி50க்கும் ரிவர்ஸ் கிடையாது. பின்புறம் ஒரு கைப்பிடி உண்டு. இறங்கி, பிடித்து, இழுக்க வேண்டியது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 நேர் எதிர்: எஞ்சினை நிறுத்தி மறுபக்கம் சுழலுமாறு கிளப்பினால் முன்னால் போகும் நாலு கியரும் பின்னாலும் கிடைக்கும். யாருக்கு அவ்வளவு வேகமாகப் பின்வாங்கத் தேவை வந்ததோ!

இனிப் புதுப்பித்தல். ரீகலின் உடம்பு துருப்பிடிக்காது. வாங்குபவர் ஏமாறும் இடமே அதுதான். மேலே பளபளப்பு, அடியில் இரும்பு சேஸிஸ் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருக்கும். வெல்டிங் பொறி பட்டால் ஃபைபர் பற்றிக்கொள்ளும் என்பதால், முதலில் உடம்பைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். நாலைந்து நண்பர்கள் கைகொடுத்தால் அது எழும்பிவிடும். ஆனால் கராஜுக்குள் சேஸிஸுக்கு ஓர் இடமும் உடம்புக்கு ஓர் இடமும் தேவைப்பட, அதுவரை அங்கே குடியிருந்த வாஷிங் மெஷின், சைக்கிள், ஏணி யாவும் வீட்டுக்குள் இடம்பெயரும். மேற்சொன்ன அச்சேறா மொழி பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் பிறக்கிறது.

நூலின் கடினமான பகுதி வயரிங். இரும்புக் காரில் பாட்டரியின் ஒரு முனை உடம்போடு சேர்ந்திருக்கும். எல்லா விளக்கும் அந்த ஒரே உடம்பில் சென்று லயிக்கும். இது அத்வைதம். ஃபைபரில் மின்சாரம் பாயாது; ஆதலால் ரீகலின் ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஓர் எர்த் வயர் தேடிக்கொண்டாக வேண்டும். இது துவைதம். எர்த் முனையில் பச்சைக் களிம்பு ஏறினால் தத்துவக் குழப்பம் தொடங்கும்: பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும். புதுப்பிப்போரில் பலர் புதிய வயரை வாங்கி வைத்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போய்விடுவதன் காரணம் இதுவே. எஞ்சினோ சாது. முன் இருக்கைகளுக்கு நடுவே பாதி நுழைந்திருப்பதால், உள்ளிருந்தபடியே மூடியைத் தூக்கிப் பார்க்கலாம். குளிர்காலத்தில் முழங்காலுக்கு வெதுவெதுப்பும் உண்டு.

மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் ஆடாமல் அமரும் என்பது வடிவியல். எனவே மேடுபள்ளமான கராஜ் தரையில் ரீகலைப் போல் அசையாது நிற்கும் கார் வேறில்லை. தெருவுக்கு வந்து, வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக் போட்டால், பாரம் முன்னோக்கிச் சாயும். முன்னாலோ முக்கோணம் ஒற்றைச் சக்கரமாகக் குறுகிவிடுகிறது. பீன் தொடரில் மிகைப்படுத்தினார்கள் என்பர் ரீகல் பற்றாளர். அதில் உண்மை உண்டு. ஆயினும் அவர்களும் வளைவில் மெதுவாகத்தான் போகிறார்கள்.

எஞ்சியிருப்பது ஒரே தடை. இன்று பிரிட்டனில் நாற்பது வயது கடந்த கார் எதற்கும் சாலை வரி கிடையாது. வரிக்காகச் சக்கரம் இழந்த ரீகலும், நாலு சக்கரத்தோடு அடுத்த கராஜில் நிற்கும் மாரிஸ் மைனரும் கட்டுவது ஒரே தொகை: பூஜ்யம். அங்ஙனமாயின் இப்போதாவது நாலாவது சக்கரத்தைப் பொருத்திக்கொள்ளலாகாதோ எனின், ஆகாது. சுத்தபாடம் பேணுவோர் அதை இடைச்செருகல் என்று தள்ளிவிடுவர்.