காயட்டும், விடுங்கள்

சேற்றில் புரண்டு வந்த ஹஸ்கியைச் சுத்தம் செய்ய வேண்டுமா? முதல் வேலையாக ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா இருங்கள். இப்படிச் சொன்னால் ஏரல் பக்கம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தாமிரபரணிக் கரை ஊர். கூழே ஆனாலும் குளித்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள். ஒரு காலத்தில் இந்த ஊருக்குச் சேர்மனாக இருந்த அருணாசல சுவாமியைக் கும்பிட ஆடி அமாவாசைக்குத் திரளும் கூட்டம், ஆற்றில் ஒரு முங்கு போட்ட பிறகுதான் கோவில் பக்கம் திரும்பும். (பதவியில் இருந்த சேர்மனை ஊர் சாமியாக்கிக் கும்பிடுவது மற்ற ஊர்ச் சேர்மன்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.) இப்படிப்பட்ட ஊரில், வெள்ளையும் சாம்பலுமாக இருக்க வேண்டிய ஒரு நாய் வயற்காட்டுத் தொளியைக் கழுத்துவரை அப்பிக்கொண்டு நடையில் வந்து நின்றால், வீட்டுக்காரர் கை தானாகத் தண்ணீர்க் குழாயைத் தேடும். அந்தக் கையைத் தடுக்கத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

தடுப்பதற்குக் காரணம் அதன் முடியில் இருக்கிறது. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாயின் வழி வந்தது ஹஸ்கி. அதன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, வழுவழுப்பான, லேசாக எண்ணெய்ப் பசையுள்ள காவல் முடி. கீழே தோலை ஒட்டி, பஞ்சு மாதிரி அடர்ந்த உள்முடி. சேறு ஒட்டுவது பெரும்பாலும் மேலடுக்கில்தான். அது காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும், வழுவழுப்பான முடியில் பிடிமானம் இல்லாமல் உதிரும். நாய் நாலு முறை உடம்பை உலுக்கினால் பாதி போய்விடும், மீதியைக் கம்பிப் பிரஷ் பார்த்துக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே குழாயைத் திருப்பினால் நடப்பது வேறு. மேலே இருந்த சேறு கரைந்து, கலங்கல் தண்ணீராகி, உள்முடிக்குள் இறங்கித் தோலில் போய்ப் படிகிறது. வெளியே வழிகிற தண்ணீர் தெளிந்தவுடன் நாமும் சுத்தமாகிவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம். சேறு எங்கும் போகவில்லை, உள்ளே குடியேறிவிட்டது. போதாக்குறைக்கு அந்தப் பஞ்சு அடுக்கு ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட வேட்டியே இரண்டு நாள் ஈரம் காக்கிற கடலோரக் காற்றில், தோலோடு ஒட்டிய முடி எப்போது காயும்? அந்த ஈரத்தில்தான் அரிப்பு, பூஞ்சை, முடி கொட்டிச் சிவந்த புண் எல்லாம் வருகின்றன. இயல்பில் ஹஸ்கி அதிகம் வாடை அடிக்காத நாய். பூனைபோல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வழக்கமும் அதற்கு உண்டு. அதன்மேல் வாடை அடிக்கிறது என்றால் சேற்றைவிட நாம் ஊற்றிய தண்ணீரின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

சேறு என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும், இந்த மாவட்டத்தில் ஒரே வகைச் சேறு கிடையாது. ஏரலைச் சுற்றியிருப்பது ஆற்று வண்டல். நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் அதில்தான் நிற்கின்றன. மாவு மாதிரி நைசான மண். இந்த வண்டலின் சாமர்த்தியத்துக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது: முத்துக்குப் பேர்போன கொற்கைத் துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் சில கிலோமீட்டர் விலகிப் போக, பாண்டியர் துறைமுகம் இன்று வயலும் வாழையுமாக நிற்கிறது. அதற்கடுத்து எழுந்த காயல் துறைமுகத்துக்கும் அதே கதி. இரண்டு துறைமுகங்களை மூடிய மண்ணுக்கு ஒரு நாயை மூடுவது பெரிய காரியமா? ஆனாலும் நாய் விஷயத்தில் அது சாதுவான மண். காய்ந்தால் பொடியாகி விழுந்துவிடும். கொஞ்சம் தெற்கே தள்ளிப் போனால் செம்மணல் மேடான தேரி. அங்கே மண் சேறாவதே அபூர்வம். நாய் உலுக்கினால் மணல் கொட்டிவிடும், இரும்புச் சத்து தந்த சிவப்பு மட்டும் வெள்ளைக் காலில் சில நாள் மருதாணி வைத்தமாதிரி நிற்கும். அதைப் போக்க மெனக்கெட வேண்டாம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வடக்கே எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கொஞ்சம் முரட்டு ஆசாமி. காய்ந்தால் கல், விரலிடுக்கு முடியில் உருண்டை கட்டிக்கொண்டு நாயை நொண்ட வைக்கும். அதைக் கையால் நொறுக்கித்தான் எடுக்க வேண்டும். விரலிடுக்கு முடியை முன்கூட்டியே கத்தரித்து வைப்பது இன்னும் நல்லது. உப்பளச் சேற்றிடம் மட்டும் என் கட்சி தோற்றுப்போகும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்தச் சேறு முழுதாகக் காயாது. பாதத் தோலை அரிக்கும், நக்கினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உப்பளத்தில் இறங்கிய நாயை வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித்தான் ஆக வேண்டும், மறுபேச்சில்லை. அலசிய பிறகு துண்டால் ஒற்றி, மின்விசிறிக்கு முன்னால் உட்கார வைத்து உள்முடிவரை காயவைப்பதும் அந்த வேலையோடு சேர்ந்ததே.

காயவிடச் சொல்கிற யோசனையை ஏரல்காரர்கள் நம்பாததற்குக் குளியல் பழக்கத்தைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டுக்கு வழக்கமாகப் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஆறு பெருகி ஏரல் தனித்தீவானது. கடைத்தெருவில் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மளிகைக் கடை என்று வித்தியாசம் பார்க்காமல் வெள்ளம் புகுந்தது. வடிந்த பிறகு மிஞ்சிய வண்டலை ஊரே சேர்ந்து தள்ளியது. வீட்டுச் சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், காயவிட்டால் மண்வெட்டி போட்டுத்தான் பெயர்க்க வேண்டும் என்பது அப்போது ஒவ்வொரு வீடும் உடம்பு நோகக் கற்ற பாடம். அந்தப் பாடத்தில் பிழை இல்லை. ஆனால் தரையும் சுவரும் சொரசொரப்பானவை, மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்பவை. தரைக்கு உலுக்கத் தெரியாது. அதனால் தரைக்குச் சரியானது நாய்க்குத் தப்பாகிறது. அந்த டிசம்பரைப் பார்த்தவர்களிடம் ‘சேற்றைக் காயவிடுங்கள்’ என்றால் முறைக்கத்தான் செய்வார்கள். முறைத்துவிட்டுக் கேட்கட்டும்.

அவர்கள் கேட்கக்கூடியதில் கனமான கேள்வி நோயைப் பற்றியது. வயலில் எலி உண்டு, எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி உண்டு, அந்தச் சேற்றோடு நாயை எப்படி விட்டுவைப்பது? அந்தக் கிருமிக்கு ஈரம்தான் உயிர், காய்ச்சல் அதற்கு ஆகாது. (மண் காய்வதைச் சொல்கிறேன்.) ஈரச் சேற்றை வெறுங்கையால் தேய்த்துக் கழுவும்போது கையில் ஒரு கீறல் இருந்தால் ஆபத்து நாய்க்கு மட்டுமல்ல, கழுவுகிறவருக்கும்தான். இருந்தாலும் நாய் பாதத்தை நக்காமல் இராது என்பதால் ஒரு சலுகை தருகிறேன்: நாலு பாதம், அடிவயிறு, வாய் ஓரம் இவற்றை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவி உடனே துடைத்துவிடலாம். வருடாந்தரத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். உண்ணியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் யோசிக்க வேண்டியது, தோலைக் கவ்விப் பிடித்திருக்கும் உண்ணி தண்ணீருக்குப் பயந்து ஓடாது என்பதை. முடியை விலக்கி விலக்கிச் சீவும்போதுதான் அது கண்ணில் படும். ஷாம்பு? அதுவும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாய்க்கென்று செய்தது போதும். நம் தோலில் இருக்கிற அமிலத் தன்மை நாய்த் தோலில் இல்லை. நமக்கென்று செய்த சோப்பும் ஷாம்பும் அதன் தோலை வறட்டிவிடும்.

‘பேசாமல் மொட்டை அடித்துவிட்டால்?’ என்பது அடுத்த யோசனை. நேர்த்திக்கடன் இருந்தால் நாம் அடித்துக்கொள்ளலாம். மழித்த ஹஸ்கியின் வெளுத்த தோல் நேராக வெயிலைத் தின்று வெந்துபோகும். மறுபடி வளர்கிற முடியும் பழைய ஒழுங்கில் வருமென்று சொல்ல முடியாது. பஞ்சு முந்திக்கொள்ளும், காவல் முடி பிந்திவிடும். அப்புறம் சேறு ஒட்டினால் காய்ந்தாலும் உதிராது. அதாவது, இருக்கிற ஒரே வசதியையும் சிரைத்து எறிந்தாயிற்று. ‘சீவினால் தூசி பறக்குமே’ என்ற புகாரை மட்டும் முழுமனதாக ஏற்கிறேன். வீட்டுக்குள் சீவக் கூடாது. ஆடிக் காற்றில் வெளியே வைத்துச் சீவினால் பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். அது கொண்டுபோன பாதி பக்கத்து வீட்டு மாடியில் காய்கிற வடகத்தில் இறங்கும் என்பதால், திசை பார்த்து உட்காருவது அக்கம்பக்க உறவுக்கு நல்லது.

இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகும் ஒரு விஷயம் மிச்சம். நாய் சேற்றுக்குள் ஏன் போகிறது? விளையாட்டுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். சித்திரை வெயிலில் எருமை தொளியில் படுத்தால் அதை விளையாட்டு என்று யாரும் சொல்வதில்லை. நாய்க்கு வியர்ப்பதே பாதத்தில்தான், அதுவும் பேருக்கு. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தள்ள வேண்டும். பனிக்கென்று தைத்த கம்பளியை ஏரல் வெயிலில் கழற்ற முடியாமல் திரிகிற பிராணிக்கு, வெறும் தண்ணீரைவிட நேரம் பிடித்துக் காய்கிற சேறு நல்ல குளிர்சாதனம். ஆகவே நிழலும், குளிர்ந்த தரையும், இறங்கிப் படுக்க ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொடுத்து, விடியலுக்கு முன்னாலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் ஓட விட்டால் சேற்றின் மேல் அதற்கிருக்கும் பாசம் வெகுவாகக் குறைந்துவிடும். தொட்டியில் இறங்கினால் உள்முடி நனையாதா என்று மடக்குகிறவர்களுக்கு: வயிறளவு ஆழம் போதும், நீச்சல்குளம் வெட்டச் சொல்லவில்லை.

அப்படியானால் ஹஸ்கியே எதற்கு, நம் நாய் போதாதா என்று கேட்டால் என்னிடம் எதிர்வாதம் இல்லை. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடம்போடு படிந்த குட்டை முடி. எவ்வளவு சேறானாலும் ஒரு பழைய துண்டில் வேலை முடிந்துவிடும். ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள், ஒட்டுவதற்கு எச்சில் போதும், ஷாம்பு வேண்டாம். தமிழ்நாடு அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கியைச் சேர்த்து, இங்கே குட்டி போட வைத்து விற்பதற்குத் தடை சொன்னது. சரியான முடிவு. குளிர்சாதன அறையில் அடைத்து வளர்த்துக்கொள்கிறோம் என்று சமாதானம் சொல்பவர்களுக்கு, அது பனியில் நாள் முழுக்க வண்டி இழுக்கப் பிறந்த நாய் என்பதை யாராவது நினைவுபடுத்தினால் தேவலை. ஆனால் கொள்கை வருவதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்ட நாய்க்கு அரசாணை வாசிக்கத் தெரியாது. அதற்கு இன்னும் பத்து வருஷமாவது ஆயுசு இருக்கலாம். அதற்குள் பத்து வடகிழக்குப் பருவமழை வரும். அத்தனைக்கும் ஒரு கம்பிப் பிரஷ், ஒரு கட்டு பழைய துண்டு, கை எட்டாத தூரத்தில் குழாய் என்று வைத்துக்கொண்டால் போதும்.