மொட்டை உன் தலைக்குப் போடுலே

டில்லி கோல் மார்க்கெட்ல சாமிக்கா பஞ்சம்? மந்திர் மார்க்ல பிர்லா மந்திர், அத ஒட்டி காளி பாரி, அந்தப் பக்கம் பங்களா சாஹிப் குருத்வாரா, இன்னுங் கொஞ்சம் போனா அனுமார். சின்னப் பிள்ளையளுக்குன்னே கலாவதி சரண் ஆஸ்பத்திரி. ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரந்தான். இத்தன வருசமா சாமியும் டாக்டரும் அக்கம்பக்கத்துல சண்ட சச்சரவு இல்லாமத்தான் இருக்காவ. மூட்டி விட்டது யாரு? நீதான், படிச்சவன்.

கோவப்படாத தம்பி, சொல்லுதேன். உனக்குப் பல்லு வலிச்சா என்ன செய்யுத? ராத்திரியோட ராத்திரியா ஆன்லைன்ல டாக்டருக்கு நேரம் வாங்குத. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் வாட்ஸப் சாமியாரு, மந்திரிச்ச தண்ணி, 'கெமிக்கல் வேண்டாம்'னு ஒரு வியாக்கியானம். ஏலே, உன் நம்பிக்கைய உன் பல்லுல சோதிச்சுப் பாக்க வேண்டியதுதான? பேசத் தெரியாத பிள்ளதான் கெடச்சுதா?

நம்ம ஊர்லயும் இந்தக் கூத்து உண்டு. பிள்ளைக்கு மணல்வாரி போட்டுட்டா, 'ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கக் கூடாது'ம்பாவ. வேப்பில கட்டு, யாரு வேண்டாங்கா? ஆனா அந்த அம்ம நெஞ்சுக்குள்ள எறங்கி நிமோனியா ஆச்சுன்னா பிள்ள உசுருக்கே ஆபத்து. இழுத்து இழுத்து மூச்சு வாங்குதா, பாலு குடிக்க மாட்டேங்கா, அப்பவும் வேப்பிலயவே பாத்துக்கிட்டு இருப்பியா? பெரியம்ம 1975-ல இந்த நாட்ட விட்டே ஓடிப்போச்சு. ஓட்டினது ஊசி. அதுக்காக மாரியாத்தா கோவில்ல ஒண்ணையாவது பூட்டினாவளா? கொடையும் கூழும் முன்னவிட அமோகமாத்தான நடக்கு?

பங்களா சாஹிப்ப எடுத்துக்கோ. 1664-ல டில்லியில அம்மையும் காலராவுமா ஊரே விழுந்து கெடந்தப்ப, எட்டாவது குரு ஹர்கிருஷன் அங்க தங்கி நோயாளிகளுக்குத் தண்ணி குடுத்துப் பாத்துக்கிட்டாரு. சின்னப் பையன். கடைசில அவரையும் அம்மதான் கொண்டு போச்சு. அந்தத் தண்ணிய இன்னைக்கும் சனம் பக்தியாக் குடிக்கு. அந்தக் குருத்வாராவ நடத்துத கமிட்டியே 2021-ல பாலா சாஹிப் குருத்வாராவுல இலவச டயாலிசிஸ் ஆஸ்பத்திரியும் தொறந்துச்சு. தீர்த்தம் குடுக்கவனே மிஷினும் வச்சிருக்கான். நீ என்ன, அவனுக்கு மேல பக்தனா?

'காந்தியே வைத்தியத்த வேண்டாம்னாரே'ன்னு ஒருத்தன் கெளம்புவான். இதே மந்திர் மார்க் வால்மீகி கோவில்ல 1946-47-ல தங்கியிருந்த காந்திதான். அவரு கதையும் தெரியும்லே. 1902, பம்பாய். பத்து வயசு மகன் மணிலாலுக்கு டைபாய்டு, கூட நிமோனியா. முட்டையும் கோழிச் சாறும் குடுங்கன்னாரு பார்சி டாக்டரு. காந்தி மாட்டேன்னுட்டாரு. தண்ணி வைத்தியம், ஈரத்துணிச் சுத்து. காய்ச்சலு 104. உள்ளுக்குள்ள அவரு பட்ட பாட்ட அவரே எழுதியிருக்காரு. ஆனா ஒண்ணு, 'நாடி பாக்க, நெஞ்சு பாக்க எனக்குத் தெரியாது, நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க'ன்னு அந்த டாக்டரக் கேட்டுக்கிட்டாரு. அத மட்டும் நீ வசதியா மறந்துருவ. 1924-ல அவருக்கே குடல்வால் நோவு வந்தப்ப, பூனா சசூன் ஆஸ்பத்திரியில வெள்ளக்கார டாக்டரு கத்திக்குத்தான் வயித்தக் காட்டினாரு.

மணிலால் பொழச்சான், கதையாச்சு. பொழைக்காத பிள்ளையோட கதைய எவன் எழுதுதான்?

சட்டத்தையும் காதுல போட்டுக்கோ. 2015 சிறார் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவு. பிள்ள துன்பப்படும்படி வேணும்னே கவனிக்காம விட்டா 3 வருசம் வரை ஜெயிலு, இல்லாட்டி 1 லட்சம் ரூவா அபராதம், ரெண்டும் சேந்தும் கெடைக்கும். அமெரிக்காவுல சில மாகாணத்துல சாமி பேரச் சொன்னா தப்பிக்க ஒரு சந்து வச்சிருக்கானாம். நம்ம 75-ல அப்படி ஒரு வரி கெடையாது.

அதனால தாயத்துக் கட்டு, திருநீறு பூசு, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. கயித்த அறுத்துட்டு வான்னு எந்த டாக்டரும் வெரட்ட மாட்டாரு. நேந்துக்கிட்டியா? தாராளமாச் செய்யி. குணமானப்புறம் பழனிக்குப் போயி மொட்டையப் போடு. பிள்ளைக்கு இல்லலே, உன் தலைக்கு.